கம்பு போனால் போகட்டும்

மாயாபந்தர்
3 ஜூன் 2024

பொன்னுத்துரை அண்ணனுக்கு,

நீலாவதி எழுதுகிறேன், முருகானந்தத்தின் மனைவி. மூன்று வருடமாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். நீங்கள் போர்ட்பிளேரில், ஜங்லிகாட்டில் ஒரு தூண்டில் சாமான் கடையில் வேலை பார்ப்பதாக பஸ் டிரைவர் கணபதி சொன்னார். கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். முதலாளி கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்.

பயப்பட வேண்டாம். சண்டை போட எழுதவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. விடியுமுன் எழுந்து பள்ளிக்கூடத்து அடுப்படிக்குப் போனால் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வீடு வந்து சேர மூன்று மணி ஆகிறது. அதற்கு மேல் யாரோடும் பேசவே வாய் வருவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கரையில் நின்று கெளுத்தி பிடிக்க என்ன கம்பு, என்ன ரீல் வாங்க வேண்டும்? எந்த இடம் என்று கேட்பீர்கள். அதே உப்பங்கழி கிரீக்தான். அவரை முதலை கொண்டுபோன இடம்தான். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

இங்கே பஜாரில் கேட்டால் கையில் இருப்பதை எடுத்துத் தள்ளிவிடுகிறார்கள். இதில் விவரம் தெரிந்தவர் என்று நான் அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீலாவதி


சிப்பிகாட்
13 ஜூன் 2024

அன்புள்ள தங்கச்சி நீலாவதிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடையில் முதலாளி கொடுத்தார், சிப்பிகாட்டில் இருக்கும் என் அறைக்குக் கொண்டுவந்து படித்தேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. மன்னிக்கவும்.

அந்த கிரீக் வேண்டாம். ரங்கத் பக்கம் குளங்கள் இருக்கின்றன, அங்கேயும் கெளுத்தி கிடைக்கும். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் முதலில் ரீலைத்தான் பார்ப்பார்கள். பளபளப்பாக இருக்கும், சுற்றிப் பார்த்தால் சத்தம் நன்றாக இருக்கும். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது ஆளை. பிடிக்கப் போகிறவருக்கு எவ்வளவு உயரம், தோளில் எவ்வளவு பலம், வலக்கையா இடக்கையா என்பதெல்லாம் தெரியாமல் கம்பு சொல்வது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. அதனால் யாருக்கு என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

பொதுவாகச் சொன்னால் கெளுத்திக்கு கார்பன் கம்பு வேண்டாம். அது எடை குறைவு, ஆனால் பாறையிலோ கண்டல் வேரிலோ ஒரு தடவை தட்டினால் உள்ளே கீறல் விடும், பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் ஒடியும். ஃபைபர் கம்பு கனமாக இருந்தாலும் வளைந்து கொடுக்கும். ரீல் என்றால் கம்புக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங் ரீல்தான். மேலே உட்காருகிற உருளை ரீலைப் பழகாதவர்கள் வீசினால் தூண்டில் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

நீளம் பத்தடிக்குக் குறையக் கூடாது. எட்டடி போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

பொன்னுத்துரை


மாயாபந்தர்
24 ஜூன் 2024

அண்ணனுக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருடம் அவருடைய கூட்டாளியாக என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட்டபோது 'நீ'தான். "தங்கச்சி, இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்பீர்கள். இப்போது மரியாதை எங்கிருந்து வந்தது? பழையபடியே எழுதுங்கள்.

யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். சங்கவிக்கு. உங்களுக்கு நினைவிருக்கும் பதினாலு வயதுப் பெண் இல்லை இப்போது. பதினேழு முடியப்போகிறது, என்னைவிட உயரம். இடக்கைக்காரி.

டியூஷன் என்று சொல்லிவிட்டு ஏப்ரலிலிருந்து கிரீக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவருடைய பழைய குட்டைக் கம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்து வீட்டு ஒச்சம்மா அக்கா பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னார். திட்டினேன். அடிக்கவும் செய்தேன். கம்பை ஒளித்து வைத்தேன், மூங்கில் வெட்டிக்கொண்டு போனாள். நான் அடுப்படியில் நிற்கிற நேரமெல்லாம் அவளைக் காவல் காக்க யாரால் முடியும்? போகிறவள் தள்ளி நின்றாவது பிடிக்கட்டும் என்றுதான் உங்களிடம் கேட்டேன்.

மீன் மேல் ஆசையில் போகவில்லை அண்ணே. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் இவளிடம், "தேரா பாப் பீகே உத்ரா தா" என்று சொல்லிவிட்டது. குடித்துவிட்டு இறங்கினாராம். ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது என்ன? 'இரை எடுக்க வண்டிக்குப் போனேன், திரும்பி வந்தபோது ஆள் இல்லை.' பார்த்தவர் யாரும் இல்லை என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஊருக்கு என்ன தடை?

கண்டல் மரத்தில் அவர் கட்டிய சிவப்புத் துணி இன்னும் இருக்கிறதாம். இதைத் தாண்டி யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்று அவர் எல்லாரிடமும் சொல்லுவாரே, அது. சங்கவி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு தண்ணீருக்கு எத்தனை அடி என்று காலால் அளக்கிறாள். வீட்டுக்கு வந்து, "அப்பா இதைத் தாண்டி ஏம்மா போனாரு?" என்று கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்?

உங்களுக்குத் தெரியுமா?

நீலாவதி


சிப்பிகாட்
5 ஜூலை 2024

தங்கச்சிக்கு,

கணபதியின் பஸ்ஸில் கம்பும் ரீலும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நீளப் பொட்டலமாக இருக்கும். அது என் பொருள், யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அந்தப் பேச்சே வேண்டாம்.

சங்கவிக்கு இதை வாசித்துக் காட்டு. கம்பு இரண்டு துண்டாக இருக்கும். பொருத்தும்போது வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரீலின் கைப்பிடியை வலப்பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன். இடக்கையால் கம்பைப் பிடித்து வலக்கையால் சுற்றலாம். நாற்பது ராத்தல் தாங்கும் நரம்பு சுற்றியிருக்கிறேன். கெளுத்திக்கு இது அதிகம்தான். ஆனால் மீனைத் தூக்க யாரும் கரையோரம் போகக் கூடாது. நின்ற இடத்திலிருந்து பின்னாலேயே நடந்து, சேற்றில் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். அதற்கு இந்தக் கனம் தேவை.

ரீலின் முன்னால் ஒரு திருகு இருக்கிறது. டிராக் என்பது அதுதான். அதை முழுக்க இறுக்கவே கூடாது. பெரிய மீன் இழுத்தால் நரம்பு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட வேண்டும். இறுக்கி வைத்தால் மீன் கம்பையே கொண்டுபோகும். கம்பைக் கவட்டைக் குச்சியில் சாய்த்து வைக்கக் கூடாது, கையிலேயே இருக்கட்டும். அப்படியும் மீன் பிடுங்கிக்கொண்டு போனால் கம்பு போனால் போகட்டும், விட்டுவிட வேண்டும். தூண்டில் முள் வேரில் மாட்டினால் கத்தியால் நரம்பை வெட்டிவிட வேண்டும். கம்பு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கத்திலும் முள் இருக்கும், குத்தினால் கை வீங்கும். குறடால் பிடிக்கச் சொல். மீனைத் தண்ணீர் ஓரத்தில் கழுவக் கூடாது, குடலை அங்கே எறியக் கூடாது. ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்குத் தினமும் போகக் கூடாது. தண்ணீருக்குள் இருந்து அது பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது கூப்பிட்டாலும் துணியைத் தாண்டக் கூடாது. கம்பு தண்ணீரில் மிதந்துகொண்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் எடுக்கப் போகக் கூடாது. போனால் போகட்டும்.

நீ கடைசியில் கேட்டதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஸ்டேஷனில் சொன்னதுதான்.

பொன்னுத்துரை


மாயாபந்தர்
16 ஜூலை 2024

அண்ணனுக்கு,

கம்பு வந்து சேர்ந்தது. சங்கவி பொருத்திப் பார்த்தாள், வீட்டுக்குள் நிமிர்த்த முடியவில்லை. அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து நாளாகிறது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே, "அம்மா, மறுபடி படி" என்றாள். படித்தேன். "கம்பு போனா போகட்டும்னு எத்தன தடவ சொல்றாரு பாத்தியா?" என்றாள். எண்ணிப் பார்த்தோம். அதே விஷயத்தை மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். யாராவது கூப்பிட்டாலும் துணியைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கூப்பிட்டார்கள்?

கம்பு மிதந்துகொண்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் என்கிறீர்கள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இப்படியா சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

வண்டிக்குப் போன ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நீலாவதி


மாயாபந்தர்
3 ஆகஸ்ட் 2024

அண்ணே,

பதில் இல்லை. தெரிந்துகொள்ளாமல் நானும் விடப்போவதில்லை.

நீலாவதி


சிப்பிகாட்
11 ஆகஸ்ட் 2024

தங்கச்சி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நான் வண்டிக்குப் போகவில்லை. அங்கேதான் இருந்தேன்.

அது என் கம்பு. மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தேன், கப்பலில் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. உனக்குக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். எட்டடி, கார்க் பிடி. அன்றைக்குத்தான் முதல் தடவை தண்ணீருக்குக் கொண்டுபோனேன். ஞாயிறு மதியம் மூன்றரை மணி இருக்கும். கடல் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. முருகன் துணிக்குப் பக்கத்தில் நின்று வீசினான். "அண்ணே, இங்க வந்து நில்லுங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். என் கம்பு கொஞ்சம் குட்டை. அங்கிருந்து வீசினால் ஆழத்துக்குப் போகவில்லை. நான் துணியைத் தாண்டிப் போய், கவட்டைக் குச்சி நட்டு, கம்பைச் சாய்த்து வைத்தேன். டிராக்கை முழுக்க இறுக்கினேன். மீன் தானாக மாட்டிக்கொள்ளட்டும் என்ற சோம்பல். மேலே ஏறி வந்து பீடி பற்றவைத்தேன்.

பெரிய கெளுத்தியாக இருக்க வேண்டும். ஒரே இழுப்பு. கம்பு குச்சியிலிருந்து துள்ளித் தண்ணீரில் விழுந்தது. நான் கத்தினேன். "முருகா, ராடு போவுது, புடி, புடி!" அவன்தான் பக்கத்தில் இருந்தான். யோசிக்கவே இல்லை. தன் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். முழங்கால் தண்ணீர்தான். கார்க் பிடி மிதந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டான். எடுத்து, தூக்கிக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தான். "கெடச்சிருச்சுண்ணே" என்றான்.

அதற்குப் பிறகு வந்தது.

தண்ணீர் ஒரு தடவை உயர்ந்தது. ஆள் இல்லை. கம்பும் இல்லை. நான் கண்டல் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவில்லை, தங்கச்சி. ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. விரலில் பீடி சுட்டதும்தான் ஓடினேன்.

ஸ்டேஷனில், "ஆப் கஹாங் தே?" என்று கேட்டார்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. வண்டிக்குப் போயிருந்தேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டாம் நாள் உடல் கிடைத்து, நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். நீ என்னைப் பார்த்து, "நீங்களாவது கூட இருந்திருக்கக் கூடாதாண்ணே?" என்றாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பதினாறாம் நாளுக்குக்கூட வராமல் ஊரைவிட்டு வந்துவிட்டேன்.

அவன் குடிக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே அவன் குடித்து நான் பார்த்ததில்லை. ஊர் அப்படிப் பேசுவது எனக்கு முதல் வருடமே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

கடையில் ஆட்கள் வந்து, "எந்த ராடு நல்லது?" என்று கேட்கிறார்கள். பத்தடிக்குக் குறைத்து நான் யாருக்கும் கொடுப்பதில்லை. முதலாளி திட்டுகிறார்.

பொன்னுத்துரை


மாயாபந்தர்
29 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

கடிதம் வந்த அன்று சமையலுக்குப் போகவில்லை. இந்த மூன்று வருடத்தில் நான் போகாத முதல் நாள்.

ஒரு கம்புக்கா என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு கம்புக்கா அண்ணே? அப்புறம் அந்தக் கேள்வியும் ஓய்ந்துபோனது. உங்களைத் திட்ட நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் வண்டியில் கழற்றி வைத்திருந்த சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்களே, அதை முகர்ந்து பார்த்தேன். சாராய வாடை இருக்கிறதா என்று. வேர்வை வாடைதான் இருந்தது. அப்படியும் ஊர் சொன்னதைப் பாதி நம்பினேன். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் வேறு எப்படி இறங்கியிருப்பார்? மூன்று வருடம் அவர் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டே அவர் மேல் கோபமாக இருந்தேன். பொறுப்பில்லாமல் போய்விட்டாயே என்று. உங்கள் பொய்யால் நான் கெட்டது அதில்தான்.

மூன்றாம் நாள்தான் சங்கவியிடம் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அப்பா குடிக்கல இல்லம்மா?"

"இல்ல."

"பெரியப்பா கூப்பிட்டாருன்னுதான் எறங்குனாரு."

"ஆமா."

"அப்பா அப்படித்தான்மா. யாரு கூப்பிட்டாலும் போயிருவாரு." சொல்லிவிட்டு அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட இவள் இப்படி அழவில்லை.

அதற்குப் பிறகு அவள் கிரீக்குக்குப் போகவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே போகவில்லை.

நீங்கள் வர வேண்டும். ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவளிடம் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவள் என்ன கேட்டாலும் நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள், எதையும் விடாதீர்கள்.

நீலாவதி


சிப்பிகாட்
7 செப்டம்பர் 2024

தங்கச்சிக்கு,

முதலாளி நாலு நாள் லீவு கொடுத்திருக்கிறார். பதினெட்டாம் தேதி புதன்கிழமை காலை, காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயில் புறப்பட்டு மாலையில் வந்துவிடுவேன். ராத்திரி லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். வியாழன் காலை வீட்டுக்கு வருகிறேன்.

காடு தொடங்குகிற ஜிர்க்காடாங் செக்போஸ்ட் வரைக்கும் இதற்கு முன்பு இரண்டு தடவை வந்து திரும்பியிருக்கிறேன். இந்தத் தடவை திரும்ப மாட்டேன்.

பொன்னுத்துரை


மாயாபந்தர்
28 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கணபதியிடம் கேட்டேன், பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கடைசி வரை தூங்கிக்கொண்டே வந்தீர்கள் என்றார்.

நீங்கள் வாசலில் வந்து நின்றபோது அடையாளமே தெரியவில்லை. தலை முழுக்க நரைத்து, இப்படி இளைத்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. சங்கவிதான் உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அவள் உங்களிடம், "அப்பா கத்துனாரா பெரியப்பா?" என்று கேட்டாள். இல்லை, நேரமே இருக்கவில்லை என்றீர்கள். பிறகு, "நீங்க எறங்கியிருந்தா?" என்றாள். "தெரியாதும்மா. எறங்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றீர்கள். நீங்கள் போன பிறகு என்னிடம், "உண்மையத்தாம்மா சொன்னாரு. பொய்யின்னா, எறங்கியிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு சொல்லியிருப்பாரு" என்றாள். எங்கிருந்து இந்த அறிவு வந்தது இவளுக்கு?

ஸ்டேஷனில் நீங்கள் எழுதிக் கொடுத்த தாளின் நகலை சங்கவி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாக ஹிந்தியில் சொல்லியிருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லையாம். அந்தப் பெண் அழுதுவிட்டதாம். ஒச்சம்மா அக்கா ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "கூட வந்த ஆளுக்கு ஒதவப் போயித்தான்டி அந்த மனுசன் செத்தாரு" என்று தெலுங்குக்காரர்களுக்கும் பெங்காலிகளுக்கும் கைகாட்டி விளக்கினாராம். இனி ஊர் இதைப் பேசிக்கொண்டிருக்கும். பேசட்டும்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். அது வருகிறது, போகிறது. சில நாள் சோறு வடிக்கும்போது வருகிறது. நீங்கள் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி கண்ணில் தெரிகிறது. அப்புறம் உங்கள் நரைத்த தலை நினைவு வருகிறது. இரண்டில் எது நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை. வேலை முடிந்து வந்து படுத்தால் இரண்டும் இல்லாமல் தூங்கிவிடுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனீர்கள். நானும் கொடுக்கவில்லை.

அக்டோபர் இருபதாம் தேதி அவருக்குத் திதி வருகிறது. இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. மூன்று வருடமாக நானும் சங்கவியும் மட்டும் இருந்து செய்கிறோம். ஐயர் வந்து போனதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நீங்கள் வாருங்கள். லாட்ஜ் வேண்டாம், ஒச்சம்மா அக்கா வீட்டு முன்னறையில் தங்கிக்கொள்ளலாம், கேட்டுவிட்டேன். பேச வேண்டும் என்றெல்லாம் இல்லை.

உங்களுக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்கிறாள் சங்கவி. எனக்கு அப்படி நினைவில்லை. பத்து வருடம் போட்டதைச் சாப்பிட்டீர்கள், ஒரு நாளும் சொன்னதில்லையே. உண்மையென்றால் எழுதுங்கள். அன்றைக்கு வாழைக்காய் செய்துவிடுகிறேன்.

நீலாவதி